எட்டுப் படி ஒரு மரக்கால்

மாமனார் தன் வாழ்க்கை வரலாற்றை வீடியோவில் சொல்லத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டிய ஆளை விடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. காலை நேரங்களில் கேமரா முன் உட்கார்ந்து பேசுவார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அந்த வாரம் பேசியதை வீடே பார்க்க வேண்டும். வாசலை அடைத்து நாற்காலி போட்டுக்கொள்வதால் நடுவழியில் இறங்கி ஓடவும் முடியாது.

இவ்வளவும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் இருந்தது. ஒரு ஞாயிறு காலை, "இந்தப் பெட்டி ரொம்ப மெதுவாப் போகுது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அது இளைய மகன் காதில் விழுந்தது. வீட்டில் அவனுக்குப் பெயர் திருப்புளி. எதையும் கழற்றிவிடுவான், மாட்டுவது மட்டும் அவன் இலாகா இல்லை.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்குப்பா. மேல இருக்கற டப்பாதான் மந்தம். உள்ள இருக்கறத உருவி நேரா கம்ப்யூட்டர்ல மாட்டினா பறக்கும்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் பெட்டியை நெம்பித் திறந்தும் விட்டான். கேபிள் செருகும் வாய் பாதி பெயர்ந்து வந்தது.

டிஸ்க் பறக்கவில்லை. 'இது காலியாக இருக்கிறது. ஃபார்மட் செய்யலாமா?' என்று கணினி மரியாதையாகக் கேட்டது.

"சரின்னு குடுத்துப் பாப்போமா?"

"கைய எடு தம்பி!" என்று மூத்த மருமகள் ஓடி வந்தாள். அவளுக்கு மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்தும் பிரிவில் வேலை. உள்ளதையெல்லாம் அழித்துவிடும் அந்த ஃபார்மட் என்ற சொல் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவாள்.

மாமனார் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். மாமியார் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் போயிடுச்சா? அப்ப இன்னிக்கு மத்தியானம் தூங்கலாமா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் துக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

மருமகள் டிஸ்கைக் கணினியில் வைத்தே விசாரித்தாள். தகவலை அளந்து வைக்கும் தன் துண்டு, அதாவது ஒரு பிளாக், ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் என்றது டிஸ்க். கழற்றி, பழைய பெட்டிக்குள் இருந்த சின்ன மின்சுற்றுப் பலகையில் மாட்டி, பெயர்ந்த வாயை விரலால் அழுத்திப் பிடித்துக் கேட்டாள். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு என்றது. கோப்புகளின் பெயர்கள்கூட ஒரு கணம் தலைகாட்டி மறைந்தன. திரும்பக் கணினியில் மாட்டினால் மறுபடி ஐந்நூற்றுப் பன்னிரண்டு. காலி.

"ஆளுக்கு ஒரு பேச்சு பேசுது. இது தேறாது அண்ணி" என்றான் திருப்புளி.

"நீ அந்தத் திருப்புளிய கீழ வச்சா எல்லாம் தேறும்."

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவளை மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத் தேடு கண்ணு. தேடலேன்னா பாவம். ஆனா, ரொம்பத் தேடாத."

"அத்தை!"

"உனக்கென்ன, பகல்ல வேலைக்குப் போயிடறே. அவர் சைக்கிள் கத்துக்கிட்ட கதைய நான் நாலு தடவ கேட்டுட்டேன். இன்னும் அந்தச் சைக்கிள் தெருமுனை திரும்பல."

கூடத்துக்கு வரும் வழியில் கணவனும் காதோரமாக, "போயிடுச்சுன்னு சொல்லிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றான். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மனுஷிதானே. போன வாரம்கூட, பள்ளிக்கூடத்து மணியடிக்கும் ஆளின் மீசையைப் பற்றிய அத்தியாயத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருந்தாள்.

மாமனார் அதே நாற்காலியில்தான் இருந்தார். வாசலை அடைக்க மறந்து, சுவரோரமாக.

"மாமா, போனா போகுது, மறுபடி சொல்லிக்கலாமே?" என்று நூல்விட்டுப் பார்த்தாள்.

"மீதியச் சொல்லிடுவேன்மா. என் தங்கச்சிய பத்தி ஒரு நாள் பேசியிருந்தேன். நீங்க யாரும் பாக்கல, நான் போட்டுக் காட்டல. குளத்துல போயிட்டா அவ. ஏழு வயசு. யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு எப்படியோ வந்துடுச்சு. இன்னொரு தடவ வராது."

மருமகள் கணினி முன் போய் உட்கார்ந்தாள்.

சாகப்போகிற டிஸ்க் உளறும். இப்படிக் கணக்காக உளறாது. கேட்ட இடத்துக்குத் தகுந்த மாதிரி இரண்டே பதில், ஒவ்வொரு முறையும் அதே பதில். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துப் பார்த்தாள். சரியாக எட்டு. சிரித்துவிட்டாள்.

"டிஸ்க் பொய் சொல்லல மாமா. நடுவுல இருந்த அந்தப் பலகைதான் எட்டெட்டாச் சேத்து ஒண்ணுன்னு கணக்குக் காட்டியிருக்கு. எந்தக் கோப்பு எங்க இருக்குங்கற விவரமும் அந்தக் கணக்குலதான் பதிவாயிருக்கு. இப்ப பலகை இல்ல. கம்ப்யூட்டர் ஒண்ணொண்ணா எண்ணிட்டுப் போய் தப்பான இடத்துல நிக்குது. அங்க ஒண்ணும் இல்லன்னு கைய விரிக்குது."

"மரக்கால்ல அளந்து போட்டத, படியால எண்ணித் தேடறீங்க. எட்டுப் படி ஒரு மரக்கால். இதுக்கா காலையிலேர்ந்து இவ்வளவு கூத்து?" என்றாள் மாமியார். தன் மத்தியானத் தூக்கத்துக்குத் தானே குழி தோண்டியதை உணர்ந்து உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மருமகள் தன் பென் டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தை ஏற்றினாள். இந்த டிஸ்கை மரக்கால் கணக்கில் பார், படிக்க மட்டும் செய், ஒரு எழுத்தும் எழுதாதே என்று கட்டளை கொடுத்தாள். சற்றுத் தயங்கிவிட்டு, கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. சைக்கிள் ஒன்று, சைக்கிள் இரண்டு, மீசை, சைக்கிள் மூன்று.

கணவன் பெருமூச்சு விட்டான். நிம்மதியா, வேறு எதாவதா என்று யாரும் கேட்கவில்லை.

"அது எதுல மாமா?"

விரலால் காட்டினார். அவள் சத்தத்தை அணைத்துவிட்டுத் திறந்தாள். திரையில் மாமனார் பேசிக்கொண்டிருந்தார். கை அடிக்கடி முகத்துக்குப் போனது. திருப்புளிகூட அசையாமல் நின்றான்.

"போதும். இருக்குன்னு தெரிஞ்சா சரி" என்று எழுந்தார் அவர்.

எல்லாவற்றையும் இரண்டு புது டிஸ்குகளில் நகலெடுக்க மாலையாகிவிட்டது. அதற்குள் மாமனாருக்குப் பழைய தெம்பு வந்துவிட, கேமராவைத் தட்டிவிட்டு, "இன்று என் இளைய மகன் செய்த காரியத்தைச் சொல்லப் புகுமுன், அவன் பிறந்தபோது அடித்த மழையைப் பற்றி..." என்று ஆரம்பித்தார்.

"வெயில்" என்றாள் மாமியார்.

"மழை."

"பெத்தவ நான். மண்டையப் பிளக்கற வெயில். நவுருங்க." அவரை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவையை இழுத்துச் சரி செய்துகொண்டு கேமராவைப் பார்த்தாள். "இதுவரைக்கும் இவர் சொன்னதுல பாதி புளுகு. மொதல்லேர்ந்து நான் சொல்றேன்."

அன்று இருட்டும்வரை பேசினாள். யாருக்கும் தூக்கம் வரவில்லை. மாமனார்தான் இரண்டு முறை எழுந்து போகப் பார்த்தார். மருமகள் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.