பினுவின் புகைக்கு முப்பது டிகிரி

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பத்மநாபசாமி மீது சத்தியம். அவர் படுத்திருப்பவர், எழுந்து வந்து விசாரிக்கமாட்டார் என்ற தைரியத்தில் சொல்லவில்லை.

கதை பிறந்தது என் மருமகள் ஜானவியின் மடிக்கணினியில். காற்றும் தண்ணீரும் எப்படி ஓடும் என்று கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. கழக்கூட்டத்தில் அலுவலகம், அங்கே பெரும்பாலும் குழாய்கள்தான். எங்கள் ஸ்ரீவராகம் தெருவை அவள் அதற்குள் ஏற்றியதற்குக் காரணம் பினு.

1 (மறுபடி)

"ஸ்ரீவராகத்தில் பினு என்பவர் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்தார்..."

[நேரான தொடக்கம். பூஜ்ய டிகிரி. இப்படி நுழையும் வாசகர் அதே வேகத்தில் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.]

"விஜயம் மாடியில் உலர்த்திய புடவையில் எண்ணெய்ப் புகை..."

[விஜயம் என் மனைவி. அவளிடமிருந்து தொடங்கினால் கதை அவளுடையதாகிவிடும்.]

சாய்வாகவே நுழைவோம்.

2

"ஏன்னா, ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல சொல்லிடுங்கோ. அந்த அடுப்பு போனாத்தான் நான் மாடியில துணி போடுவேன்" என்றாள் விஜயம்.

வாசலில் நின்ற பினு என்னைப் பார்த்தார். "சாமீ, அடுப்பு போனா நானும் போச்சு. பின்னே எவிடே போயி பொரிக்கும்?"

புகை யார் வீட்டுக்குள் போகிறது என்று ஜானவி படம் காட்டுவாள். அதைப் பார்த்துத் தெருச் சங்கம் தீர்ப்பு சொல்லும். அதுதான் ஏற்பாடு.

3

"காத்து தெருவுக்குச் சாய்வா வரதுப்பா, முப்பது டிகிரி" என்றாள் ஜானவி. "சாய்வா நுழையணும்னா வேகத்தை ரெண்டாப் பிரிச்சுக் கொடுக்கணும். தெருவோட இவ்வளவு, குறுக்கே இவ்வளவு."

தட்டினாள். திரையில் புகை சாய்ந்து கிளம்பி, அந்தரத்தில் எதிலோ முட்டித் திரும்பி, எங்கள் வீட்டுக்குள் வந்தது.

"பார்த்தேளா" என்றாள் விஜயம்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒரு காகம் அந்தரத்தில் முட்டிக்கொண்டு, சுவரில் வழிவதுபோல் வழிந்து இறங்கியது.*

சொன்னேன். ஜானவி திரையை உற்றுப் பார்த்தாள். "ஐயோ, பக்கத்தைச் சுவர்னே விட்டுட்டேன். ஆபீஸ்ல குழாய்தானே, சுத்திலும் சுவர்தான். சாய்ஞ்சு வர காத்துக்குப் பக்கத்தையும் திறந்துவிடணும்."

திறந்தாள். காகம் பறந்துபோனது. புகை சங்கச் செயலாளர் வீட்டுக்குள் நுழைந்தது.

பினு தலையில் கை வைத்தார். "இது அதைவிட மோசமாணு, சாமீ."

* காகத்துக்குக் காயமில்லை. வெட்கம்தான்.

4

[ஜானவியை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். நேர்மையான பாத்திரங்கள் கதையைக் கெடுப்பார்கள்.]

"கோணத்தைக் கொஞ்சம் மாத்தேன்" என்றேன்.

"அதெல்லாம் முடியாதுப்பா. நிஜக் காத்து எதுவோ அதான்."

காற்று எந்தக் கோணத்தில் அடிக்கிறது என்று அளக்க, ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் கீழே நாற்பது என்று தட்டினேன்.

"அப்பா, நாப்பதுல அடிக்கறதே" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

ஆக, அளந்து தீர்க்க வழியில்லை. திரையில் எதுவோ அதுவே தெருவில்.

5

இருபது டிகிரி என்றால் புகை விஜயத்தின் புடவையில். பினு தம்பானூர்ப் பக்கம் கடை தேடுகிறார். அறுபது என்றால் புகை தெருக்கோடிக் குளத்துக்கு மேலே போய்விடும், பினு பிழைப்பார். ஆனால் அறுபதில் காற்று புடவையைக் கொடியோடு பிடுங்கிக்கொண்டு போய், விஜயம் என்னை

[இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.]

இறங்கி வந்த ஜானவியிடம் கதைக்கு முடிவு கேட்டேன். "காத்து உள்ளே வர வாசல்லதான் எல்லாத்தையும் நிர்ணயிக்கணும்ப்பா. வெளியே போற வாசலைச் சும்மா திறந்து விட்டுடணும். அங்கேயும் கட்டாயப்படுத்தினா கணக்கே வெடிச்சுடும்."

ஆகவே திறந்துவிட்டேன். மடிக்கணினி மேசைமேல் இருக்கிறது. கோணத்துக்கான கட்டம் காலி. பினு இன்னும் வாசலில் நிற்கிறார். உங்கள் எண்ணைத் தட்டுங்கள்.

தட்டுமுன் ஒரு தகவல்: பினு எதையும் பொரிப்பதில்லை, சிப்ஸ் நாகர்கோவிலிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. அந்த அடுப்பும் நான் தட்டியதுதான்.