எதிர்ப்பெட்டி

காணும் பொங்கல் அன்று டைனோ லேண்டில் முதல் அடி விழுந்தது காலை எட்டரை மணிக்கு. அதுவும் செருப்பால். அடித்தவர் முதலாளி சாமிதுரை, வாங்கியவர் ஃபிட்டர் அங்கமுத்து. டிக்கெட் கவுண்டரில் இருந்தவர்கள் எதுவும் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். தலையைக் குனியாமல் பார்த்தவள் அம்பிகா ஒருத்திதான். ராட்டினத்துக்குப் பிரேக் பிடிப்பது அவள் வேலை. பதினாலு வருஷமாக அதே வேலை.

விஷயம் இவ்வளவுதான். ராட்டினத்தைச் சுற்றுகிற கியரில் பல்லெல்லாம் தேய்ந்துபோய், கடித்துத் துப்பிய கரும்பு மாதிரி ஆகிவிட்டது. மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று அங்கமுத்து இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஆளே ஏற்ற மாட்டேன் என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சாமிதுரைக்கோ இன்றைக்குத்தான் திருச்சியிலிருந்து பார்ட்டி வருகிறது. பார்க்கைச் சுற்றிப் பார்த்து, கூட்டமும் பிடித்து இடமும் பிடித்தால் கூட்டுச் சேர்ந்து எல்லாவற்றையும் புதுப்பிக்கலாம் என்று பேச்சு.

"சுத்தாத ராட்டினத்தக் காட்டி எவன்டா நம்பள நம்புவான்? ஒன் மூஞ்சியக் காட்டவா?"

"மொதலாளி, பல்லு ரெண்டு சுத்தமாப் போயிருச்சுங்க. முழுசா ஆள ஏத்துனா தாங்காது. கொலக் கேசாயிரும்."

"நல்ல நாளும் அதுவுமா வாயில வருது பாரு!"

அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். இரண்டாவது அடியில் சாவி கைமாறிவிட்டது.

செந்துறைப் பக்கம் மண்ணைத் தோண்டினால் கல்லாய்ப்போன முட்டையெல்லாம் கிடைக்கிறது என்று பேப்பரில் வந்ததைப் படித்துவிட்டுச் சாமிதுரை கட்டிய பார்க் அது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், சிமெண்ட் லாரி போகிற ரோட்டின் மேலேயே. வாசலில் ஆரம்பித்து ஏழு டைனோசர். வெயிலில் வெடித்து, வாலில் சிமெண்ட் உதிர்ந்து, உள்ளே இருக்கிற கம்பி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கைப்பிடிக் குழாயா, வேலிக் கம்பியா, எதில் கை வைத்தாலும் கையோடு வந்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம் அது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

நாலு மணிக்குப் பார்க்கில் நிற்க இடமில்லை. ராட்டினத்தின் பன்னிரண்டு பெட்டியிலும் ஆள். பதினோரு பெட்டியில் இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர். மிச்சம் ஒன்றில் கீழப்பழுவூர் மளிகைக்கடை முத்தமிழ்செல்வன் மட்டும். மனிதர் இரட்டை நாடி. "ஒங்களுக்கு ஒரு பெட்டி தனியாங்க" என்று அம்பிகாவே சிரித்துக்கொண்டு ஏற்றிவிட்டிருந்தாள்.

மூன்றாவது சுற்றில் வேட்டு வைத்த மாதிரி ஒரு சத்தம். கியர் சிதறியது. பல் ஒன்று பறந்து அம்பிகாவின் காதோரமாகப் போய், எதிரே இருந்த தகரத் தடுப்பைப் பொத்துக்கொண்டு வெளியே விழுந்தது. ராட்டினம் ஒரு கணம் யோசித்தது. பிறகு பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. அம்பிகா ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு, பிரேக் குழாயில் இரண்டு கையையும் போட்டுத் தொங்கினாள். பிரேக் கட்டை கருகுகிற நாற்றம் வந்தது. சக்கரம் நின்றது.

அங்கமுத்து ஓடி வந்தார்.

"அம்பிகா, உசுரே போனாலும் குழாய விட்றாத. கையாலயே ஒவ்வொண்ணா எறக்கிருவோம். நான் விடுன்னா லேசா விடு, புடின்னா புடி. வேற எவன் என்ன சொன்னாலும் காதுல வாங்காத."

"சரிண்ணே."

ஆள் இறங்குகிற மேடை தகரத்துக்கு அந்தப் பக்கம். அம்பிகா நிற்கிற பிரேக் ஷெட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. கியர் பல் போட்ட ஓட்டை வழியே ஒரு கையகலம்தான் தெரியும். சில செருப்புகள், ஒரு வேட்டிக் கரை, அங்கமுத்துவின் காக்கிக் கால்.

கையால் இறக்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. கீழே நிற்கிற பெட்டியைக் காலி செய்தால், அடுத்து இறக்க வேண்டியது பக்கத்துப் பெட்டி இல்லை; நேர் எதிரே, உச்சியில் இருக்கிற பெட்டி. அதைக் கீழே கொண்டுவந்தால்தான் இரண்டு பக்கமும் பாரம் சமமாகும். அடுத்தடுத்து இறக்கினால் ஒரு பக்கம் கனத்து, சக்கரம் பிய்த்துக்கொண்டு ஓடும். அப்படியானால், நடுவில் இருக்கிற ஐந்து பெட்டியும் தரையை ஒட்டி வந்து, நிற்காமல் திரும்ப மேலே போயாக வேண்டும். இதை யார் போய்க் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருப்பது?

முதல் பெட்டி காலியானது. அங்கமுத்து "விடு" என்றார். அம்பிகா இளக்கினாள். இரண்டாவதாக வந்த பெட்டியில் இலக்கியாவும் அவள் ஐந்து வயது மகள் மஞ்சுவும். மேடையில் நின்றவன் அவள் புருஷன் ஜெயப்பிரகாஷ். செந்துறைக்காரன். ஒரு வேன் நிறையச் சொந்தபந்தத்தோடு வந்திருந்தான். பிள்ளை கையை நீட்டியது, இவன் விரலைத் தொட்டது, தொட்ட கையோடு அப்படியே மேலே போய்விட்டது.

"யோவ்! நிறுத்துய்யா, எம்புள்ள இருக்கு!"

"தம்பி, இத இப்ப எறக்கக் கூடாது. எதிர்ப்பெட்டி வரணும். இத எறக்குனா சக்கரம்..."

"கைக்கு வந்த புள்ளைய மேல அனுப்பிட்டு எனக்கே பாடம் நடத்துறியா?"

அறை விழுந்த சத்தம் அம்பிகாவுக்குக் கேட்டது. ஓட்டை வழியே பார்த்தால் காக்கிக் கால் தள்ளாடியது. அடுத்தது வயிற்றில். அங்கமுத்து மடிந்து உட்கார்ந்தார். அந்த நிலையிலும் "புடி" என்று கத்தினார். அவள் பிடித்தாள். பிறகு வேனில் வந்த மொத்த ஆட்களும் மேடையில் ஏறினார்கள். முதுகில் முட்டி, முகத்தில் குதிகால். ஜெயப்பிரகாஷின் மச்சான் தமிழழகன் போய் வாசல் டைனோசரின் வாலில் இருந்த கம்பியை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் உருவினார்கள். போனில் படம் பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம் ஓரமாக நின்றார்கள்.

"புடிங்கடா அவன! காலப் புடி, காலப் புடி!"

அம்பிகா இன்னும் இறுக்கினாள். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஓட்டையில் அங்கமுத்துவின் முகம் ஒரு நொடி வந்தது. வாயெல்லாம் ரத்தம். மண்ணில் ஏதோ வெள்ளையாகக் கிடந்தது. பல்.

அப்போது நல்ல மனிதர்கள் சிலர் உள்ளே புகுந்தார்கள்.

"ஏய், விடுங்கப்பா! வயசான மனுசன்! விடு, விடு! விடுங்கிறேன்ல!"

எத்தனையோ குரல், எத்தனையோ விடு. அதில் ஒன்று அங்கமுத்துவின் குரல் மாதிரியே அவளுக்குக் கேட்டது. விட்டாள்.

ராட்டினம் எகிறிக்கொண்டு ஓடியது. கம்பியை ஓங்கிக்கொண்டு மேடை விளிம்பில் நின்ற தமிழழகனை, கீழே வந்த பெட்டியின் இரும்பு விளிம்பு தோளில் இடித்துத் தூக்கி எறிந்தது. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். மேலே நாற்பது வாயும் ஒரே வாயாக அலறியது. அம்பிகா பாய்ந்து குழாயைக் கட்டிப்பிடித்தாள். கால் தரையை விட்டுக் கிளம்பி, அவளையே ஒரு முழம் தூக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு வயிற்றால் அழுத்தினாள். புகை கண்ணை மறைத்தது. நின்றது.

அங்கமுத்து கையும் காலுமாகத் தவழ்ந்து ஷெட்டுக்குள் வந்தார். ஒரு கண் மூடிவிட்டது.

"எவன் சொன்னான்னு விட்ட?"

"விடுன்னு கேட்டுச்சேண்ணே!"

"நான் இல்ல தாயி. சண்டைய வெலக்குறானுவ." ரத்தத்தைத் துப்பினார். "அடிக்கிறவன் புடிங்கிறான், வெலக்குறவன் விடுங்கிறான். நம்ப வார்த்தைய எடுத்துக்கிட்டானுவ. வேற வச்சுக்குவோம். ஒங்க உடையார்பாளையத்து முந்திரின்னா விடு. எங்கூரு சோளம்னா புடி. எவனும் சண்டைல முந்திரின்னு கத்த மாட்டான்."

"முந்திரி விடு, சோளம் புடி. போங்கண்ணே."

மேடையில் தமிழழகன் புழுவாய்த் துடித்துக்கொண்டிருந்தான். அவனை வேனில் கிடத்திவிட்டு வந்த ஜெயப்பிரகாஷ், எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"எல்லாரும் கீழ எறங்கட்டும். அதுவரைக்கும் எவனும் இவன் மேல கை வைக்காதீங்க. கடைசி ஆளு எறங்கட்டும், இவனையும் அந்தப் பொம்பளயயும் இங்கயே பொதச்சிட்டுத்தான் போறோம்."

அதற்குப் பிறகு ஒரு அமைதி வந்தது பாருங்கள், அடியைவிட அதுதான் மோசம். ஆளுக்கொரு கம்பியோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். "முந்திரி." பெட்டி வரும். "சோளம்." நிற்கும். ஆள் இறங்கும். "கெழவனுக்கு அடில மூள கலங்கிருச்சுடா" என்று ஒருத்தன் சிரித்தான். ஒவ்வொரு பெட்டி காலியாகும்போதும் தங்களுக்கு மிச்சம் இருக்கிற நேரமும் காலியாகிறது என்று அம்பிகாவுக்குத் தெரிந்தது. அங்கமுத்துவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் குரல் ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

சாமிதுரையைத் தேடினார்கள். திருச்சிப் பார்ட்டியின் காரிலேயே ஏறிப் போய்விட்டாராம். அந்தக் கோபத்தில் டிக்கெட் கவுண்டருக்குத் தீ வைத்தார்கள். பக்கத்து டைனோசரின் தாடை கருகி, கரும்புகை ரோட்டுக்குப் போனது. ஆண்டிமடத்து ஆள் ஒருவர் போலீஸுக்குப் போன் போட்டார். அரியலூரிலிருந்து வர வேண்டும். ரோட்டில் கூட்டமோ கூட்டம்.

இலக்கியாவும் மஞ்சுவும் எட்டாவதாக இறங்கினார்கள்.

"என்னங்க, போயிரலாங்க. புள்ள நடுங்குது."

"வண்டில போயி உக்காரு."

"அந்தப் பெரியவருதாங்க நம்பள..."

"உக்காருன்னு சொன்னேன்!"

கடைசியில் ஒரு ஜோடிப் பெட்டி மிஞ்சியது. கீழே இருந்த பெட்டி காலியானது. அப்படியானால் கடைசிப் பெட்டி உச்சியில். அதில் முத்தமிழ்செல்வன். இனி அங்கமுத்து முந்திரி என்று ஒரு சொல் சொல்ல வேண்டியதுதான், எல்லாம் முடிந்துவிடும். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மேலேயிருந்து சத்தம் வந்தது.

"அண்ணே! எறக்காதீங்க! இங்கேருந்து எல்லாம் தெரியுது! ஒங்கள அடிச்சே கொன்னுருவானுவ! போலீசு வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்!"

"பயமா இல்லியா தம்பி?"

"உசுரு போவுதுண்ணே! பரவால்ல, எறக்காதீங்க!"

அங்கமுத்து வாயை மூடிக்கொண்டார். கூட்டம் கல்லெடுத்து மேலே எறிந்தது. ஒன்றும் எட்டவில்லை. ஜெயப்பிரகாஷ் மேடையை விட்டு இறங்கி, கம்பியோடு தகரத்தைச் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தான்.

"எறக்கு அவன."

"மாட்டேன்."

அம்பிகாவின் முதுகில் விழுந்தது. மூச்சு நின்று திரும்பி வந்தது. குழாயை விடவில்லை.

"எறக்குடி!"

அடுத்தது வலது முழங்கைக்குக் கீழே. உள்ளே ஏதோ நொறுங்கியதை அவள் கேட்டாள். விரல்கள் அவளுடையவை இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டன.

"தம்பி, இன்னொரு அடிக்குக் கை தாங்காது. நழுவுனா மேல இருக்கிற ஆளு செத்துருவாரு."

"சாவட்டும். எம்புள்ள கீழ வந்துட்டா."

கம்பி மூன்றாவது முறை மேலே போனது. அம்பிகா அவனைப் பார்த்தாள். பிறகு குழாயை விட்டுவிட்டுக் குனிந்து, அவன் அக்குளுக்குக் கீழே புகுந்து வெளியே வந்துவிட்டாள்.

குழாய் எழும்பியது. சக்கரம் கிறீச்சிட்டது. மேலே முத்தமிழ்செல்வன் அம்மா என்று அலறினார். கம்பி தரையில் விழுந்து உருண்டது. ஜெயப்பிரகாஷின் வாய் சொன்னதை அவன் கை கேட்கவில்லை. இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். செருப்புக் கால் இழுபட்டுப் போய், சுவரை மிதித்து நின்றது. ராட்டினமும் நின்றது.

"யக்கா... கை வழுக்குதுக்கா... வந்து புடிங்க..."

அம்பிகா இடது கையால் கம்பியை எடுத்தாள். அதற்குள் அவன் ஆட்கள் ஷெட்டு வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். ஐந்து பேர், ஐந்து கம்பி.

"டேய், கிட்ட வராதீங்கடா!" என்று ஜெயப்பிரகாஷ் கத்தினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. "எவனாவது அந்தக்கா மேல பட்டீங்க, நான் நழுவ விட்ருவேன்! ஆளு செத்துருவான்டா! போங்கடா வெளிய!"

அவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். ஒருத்தன் கம்பியைக் கீழே போட்டான்.

ஓட்டை வழியே அம்பிகா பார்த்தாள். அங்கமுத்து மேடைப் படியில் சாய்ந்து உட்கார்ந்து, மண்ணில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவள் திரும்பி, இடது கைக்கு எவ்வளவு பலம் உண்டோ அவ்வளவையும் சேர்த்து, ஜெயப்பிரகாஷின் தொடையில் ஒன்று போட்டாள். சதை கிழிந்தது. அவன் ஊளையிட்டான். கை மட்டும் குழாயிலேயே இருந்தது.

"யக்கா!" என்று உச்சியிலிருந்து முத்தமிழ்செல்வன் கேட்டார். "என்னாச்சு? பெட்டி குலுங்குச்சே!"

"ஒண்ணும் இல்லிங்க," என்றாள் அம்பிகா, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆளு மாத்தியிருக்கோம். நீங்க கெட்டியா உக்காருங்க."