பின்கதவில் இரண்டு தட்டு

ஷெரிப் அலுவலகத்துப் போலீஸ் ஆள் வண்டியை நிறுத்தாமலே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் டிரெய்லர் முகாம் காலியாக வேண்டும். காலையில் மலைமுகட்டுக்கு அப்பால் புகைந்துகொண்டிருந்த காட்டுத்தீ மதியத்துக்குள் இந்தப்பக்கச் சரிவில் இறங்கிவிட்டது. மூன்று மணிக்கே சூரியன் செம்புத்தட்டு போலக் கிடந்தது.

வெர்னாவும் அவள் கணவன் கிளேட்டனும் பாய்சி நகரத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, வண்டியில் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வீட்டில் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. முப்பத்திரண்டு அடி நீளம். அதை விட்டுவிட்டுப் போனால் திரும்பிப் போக வேறு வீடு கிடையாது.

கிளேட்டனுக்குக் கழுத்து திரும்பாது. அதனால் டிரெய்லரை இழுக்கும் பிக்கப்பை ஓட்டுவது எப்போதும் வெர்னாதான். டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு மேலே நீண்டு நிற்கும். அதன் அடியில் தொங்கும் இரும்பு முளை, தொட்டியின் நடுவிலுள்ள கொக்கியின் தாடைக்குள் போய்ச் சிக்க வேண்டும். தொட்டியின் பின்கதவை இறக்கிவிட்டுத்தான் பின்னால் வர வேண்டும். மறந்தால் முளை கதவை நசுக்கிவிடும். முளை சிக்கியதும் டிரெய்லர் சக்கரங்களுக்குப் பிரேக் போட்டு, முளை சரியாக மாட்டியிருக்கிறதா என்று வண்டியை ஒருமுறை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் மோட்டார் கால்களைத் தூக்குவது. பின்கதவை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. கிளேட்டனின் முகம் ஜன்னலில் தெரியாமல் வெர்னா பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது. இதெல்லாம் கிளேட்டன் வைத்த சட்டம்.

மற்ற நாளில், கொக்கி மாட்டுகிறவனிடம் முகாமில் யாரும் பேசமாட்டார்கள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பீரோடு வேடிக்கை பார்ப்பதோடு சரி. இன்று அந்த மரியாதைக்கு யாருக்கும் நேரமில்லை.

"வா, வா, இன்னும் வா! கப்பலே போகலாம், அவ்வளவு இடம் இருக்கு!" என்று கத்தினான் பக்கத்து இடத்து ஓரின். அவனுடையது சின்ன டிரெய்லர், பம்பருக்குக் கீழே மாட்டி இழுப்பது. பின்கதவை இறக்கும் வேலையே அவனுக்கு இல்லை.

"வாயை மூடு, ஓரின். அவளுக்கு என் குரல் கேக்கணும்" என்றான் கிளேட்டன்.

முளை இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. சாம்பல் துணுக்குகள் முன்கண்ணாடியில் விழத் தொடங்கின.

"இழுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள் வெர்னா.

"வேணாம், நேரமில்ல. சத்தம் கேட்டுச்சில்ல, மாட்டிருச்சு. நான் காலைத் தூக்குறேன். ஓரின், நான் சொன்னதும் அவளுக்குத் தட்டு."

மோட்டார் முனகியது. கால்கள் தரையை விட்டு எழுந்தன. சற்று நேரத்தில் பின்கதவு படாரென்று மூடியது. அதன்மேல் இரண்டு தட்டு. எல்லாம் தயார், கிளம்பு என்று இங்கே அர்த்தம்.

வெர்னா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"போம்மா! தூங்கிட்டியா?" ஓரின் மறுபடி தட்டினான். ஒற்றை வழிப் பாதையில் பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடித்தன. யாரோ, "ஏய் கிழவி, நகரு!" என்றான். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பைன் மரம் மொத்தமாகப் பற்றிக்கொண்டது.

"கிளேட்டன் எங்க?"

"அவன்தான் தட்டச் சொன்னான்!"

"அவனை இங்க வரச் சொல்லு."

கிளேட்டன் கோபத்தில் கால்களை உதைத்து நடந்து வந்தான். "வெர்னா, உனக்கென்ன பைத்தியமா? எதுக்கு உக்காந்திருக்க?"

திட்டிக்கொண்டே தொட்டியைக் கடக்கும்போது பார்வை உள்ளே போனது. நின்றுவிட்டான். டார்ச்சை அடித்தான். முளை தாடைக்குள் இல்லை. அதன் மேலே ஏறி, விரல் அகல இரும்பு விளிம்பில் குந்தியிருந்தது. தாடை திறந்தபடியே இருந்தது. வண்டி ஓரடி நகர்ந்திருந்தால் டிரெய்லர் சரிந்து, பின்கதவை நொறுக்கி, தொட்டியைப் பிளந்துகொண்டு விழுந்திருக்கும். இருக்கும் ஒரே பாதையும் அடைபட்டிருக்கும்.

ஜன்னலுக்கு வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அசையாத" என்றான். பிறகு திரும்பி, "ஓரின், கதவை இறக்கு. மெதுவா... முட்டையை வைக்கிற மாதிரி."

"நான் மூடினதாலயா?"

"இல்ல. தப்பு என்னோடது. இறக்கு."

ஓரின் டிரெய்லர் சக்கரங்களுக்கு மறுபடி தடுப்புக் கட்டை வைத்தான். கால்கள் மறுபடி தரையில் ஊன்றின. டிரெய்லரின் எடை முளையிலிருந்து கால்களுக்கு மாறியது. வெர்னா வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னால் எடுத்தாள். கிளேட்டன் டிரெய்லரின் மூக்கை நாலு விரல் உயரம் இறக்கினான். மறுபடி பின்னால். ஹாரன்கள் ஓய்ந்திருந்தன, பின்னால் இருந்தவர்களும் இறங்கி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

இந்த முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. தாடை கடித்த சத்தம்.

"இப்ப இழு" என்றான் கிளேட்டன்.

இழுத்தாள். பிக்கப் முன்னால் குனிந்து உறுமியது. சக்கரம் சரளையைக் கிளறியது. டிரெய்லர் அசையாமல் பிடித்துக்கொண்டது.

ஷெரிப் ஆள் ஓடி வந்தான். "இதோட சரி. விட்டுட்டு ஏறுங்க!"

"ஒரு நிமிஷம் குடுங்க" என்று மோட்டார் பொத்தானை அழுத்தினான் கிளேட்டன். கால்கள் எழுவதற்குள் ஓரினே சக்கரக் கட்டைகளை உருவி எறிந்தான். பின்கதவை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிளேட்டன் ஏறி உட்கார்ந்தான். வெர்னா பாதையில் இறங்கினாள். பக்கக் கண்ணாடியில் புகைக்குள்ளிருந்து வெள்ளைச் சுவர், ஜன்னல், பச்சைத் திரை என்று அவர்களுடைய வீடு துண்டு துண்டாக வெளியே வந்தது.

"வீடு தொடருதா?" என்று கேட்டான் கிளேட்டன். அவனால் திரும்பிப் பார்க்க முடியாது.

"தொடருது" என்றாள்.