கருகல் வாடையோடு பெண் பார்க்கப் போனது

என் முதலாளி பொன்னுராஜுக்குப் பெண் அமையாததற்குக் காரணம் அவர் மூஞ்சி இல்லை, அவர் அம்மா மொக்கம்மாளின் வாய். இதைக் கம்பத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், மொக்கம்மாளிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

அது முப்பத்தெட்டாம் வருஷம். சீமைக்குத் திரும்பிய மலைத் தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து பொன்னுராஜ் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஏலக்காய் வியாபாரிக்குக் கார் எதற்கு என்று ஊர் கேட்டது. நத்தர்ஷாவாகிய எனக்கு டிரைவர் வேலை கிடைப்பதற்கு என்று நான் பதில் வைத்திருந்தேன்.

பொன்னுராஜ் நல்ல மனுஷன். போன பெண் வீடுகளிலெல்லாம் மொக்கம்மாள் ஏதாவது சொல்லி வைப்பாள், கதவு சாத்தப்படும். இந்த முறை அவர் நிஜமாகவே ஆசைப்பட்டுவிட்டார். வீரபாண்டித் திருவிழாவில் ஒரு பெண் வளையல்காரனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாளாம். உடைந்த வளையலை மாற்றிக் கொடுக்கும்வரை அவள் அந்தக் கடையை விட்டு நகரவில்லையாம். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. விசாரித்ததில் மார்க்கையன்கோட்டை சுருளியாண்டியின் மகள், பெயர் அன்னத்தாய்.

பெண் பார்க்கக் கிளம்பினோம். எனக்குப் புது வெள்ளைச் சட்டை. பொன்னுராஜ் முன்னால், மொக்கம்மாள் பின்னால் பழத்தட்டோடு.

உத்தமபாளையம் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை வந்தது.

“ஹேண்ட் பிரேக்க எடுத்துவிட்டியா?” என்றார் பொன்னுராஜ்.

“மொதலாளி, நான் என்ன நேத்துப் பொறந்தவனா?” என்று சொல்லிக்கொண்டே அவருக்குத் தெரியாமல் கையை விட்டுப் பார்த்தேன். எடுத்துத்தான் விட்டிருந்தது.

வண்டியை நிறுத்தி ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டேன். சூடில்லை. டயர் மட்கார்டில் உரசவும் இல்லை. பானெட்டைத் திறந்தால் ஃபேன் பெல்ட் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. பிடித்துவிட்டேன் திருடனை! பெல்ட் வழுக்கினால் இப்படித்தான் நாறும் என்று பெரிய வைத்தியர் தோரணையில் விளக்கிவிட்டு, இறுக்கி முடுக்கினேன். வாடையும் நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும், அதற்குள் வண்டி ஆறிப்போயிருந்தது.

மறுபடி ஓட்டினேன். மறுபடி நாறியது, இன்னும் பலமாக.

ஒயர் எரிகிறதோ என்று டாஷ்போர்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். எலிப் புழுக்கை நாற்றம்தான் வந்தது. மிச்சம் இருந்தது வண்டியின் அடிப்பக்கம். குனிந்தேன்.

“ஏலே நத்தரு! வெள்ளச் சட்டைலே! மண்ணுல பொரளப் போறியா? சம்பந்தக்காரவுக பாத்தா என்ன நெனப்பாக?” என்று மொக்கம்மாள் கத்தினாள்.

என் சட்டையைப் பற்றி அந்த அம்மாள் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சே இளகிப்போனது. நிமிர்ந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

சுருளியாண்டி வீட்டு வாசலில் நிறுத்தியபோது வண்டிக்குப் பின்னாலிருந்து புகையே வந்தது. தெருவே மூக்கைப் பொத்தியது. உள்ளே கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அந்த மணத்தை எங்கள் நாற்றம் விழுங்கிவிட்டது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. அதனால் அந்தக் குழம்பு எங்களுக்கு உண்டா இல்லையா என்பது சுருளியாண்டி வாயில் இருந்தது.

அவர் துண்டால் மூக்கைத் துடைத்தார். “தப்பா நெனைக்காதீக. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே கருகல் வாடை. மனசு ஒப்பல. இன்னொரு நாளைக்குப் பாப்பம்.”

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று பொன்னுராஜுக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு நாற்றத்தைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத நான் என்ன டிரைவர்?

அப்போது வீட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து அன்னத்தாய் வந்தாள். கையில் அடுப்பு தள்ளும் குச்சி. “ஏ புள்ள, உள்ள போ!” என்று அப்பா அதட்டியது அவள் காதில் ஏறவில்லை. பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குச்சியை அடியில் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள்.

பொத்தென்று விழுந்தது ஒரு பழைய டயர் செருப்பு. பாதி உருகி, கயிறு கருகி, புகைந்துகொண்டு.

“இது புகைக்குழாய் மேலயில்ல ஒட்டிக் கெடந்துச்சு” என்றாள்.

கண்ணேறு கழிய வண்டியில் செருப்புக் கட்டுவது உண்டுதான். ஆனால் மாட்டு வண்டிக்குப் புகைக்குழாய் கிடையாது. கட்டியது யார் என்று கேட்கத் தேவையே இல்லாமல் எல்லோரும் மொக்கம்மாளைப் பார்த்தோம். காலையில் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வேலையைக் காட்டியிருக்கிறாள். என் சட்டை மேல் வந்த பாசத்தின் லட்சணமும் புரிந்தது.

“செத்துப்போன அப்பா செருப்புல்ல இது?” என்றார் பொன்னுராஜ், ஈனசுரத்தில்.

சுருளியாண்டி முகம் சிவந்தது. “யாரு கண்ணுக்குப் பயந்து கட்டுனீக? எங்க வீட்டு வாசலுக்கு வாரப்ப, எங்க கண்ணு கொள்ளிக்கண்ணா?”

ஊரையே வாயடைக்க வைக்கும் மொக்கம்மாள் பழத்தட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பொன்னுராஜ் கார் கதவைப் பிடித்துக்கொண்டார், திரும்பிப் போக.

அன்னத்தாய் செருப்பைக் குச்சியால் புரட்டிப் பார்த்தாள். பிறகு பொன்னுராஜை ஒரு பார்வை, நிதானமாக. அப்புறம் மொக்கம்மாளிடம் கேட்டாள்.

“இதுக்குச் சோடி எங்கன இருக்கு?”

“வீட்டுல... பொட்டிக்குள்ள” என்றாள் மொக்கம்மாள்.

“பத்திரமா வையிங்க அத்தை. நான் வந்து கட்டிக்கிறேன், குழாய்க்கு எட்டத்துல.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சுருளியாண்டி புகையும் செருப்பைப் பார்த்தார், மகள் போன வாசலைப் பார்த்தார். கடைசியில் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“எலையப் போடுங்க.”

பொன்னுராஜ் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது, புகையினால் இல்லை. நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, மிச்சக் கயிற்றை அறுத்து எடுத்தேன். இந்த முறை மொக்கம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.