‘மற்றவை’ என்ற கட்டம்

மேல்வரிசையின் கோரைப்பல்லை மெழுகில் பொருத்திக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மெழுகு இளகியிருக்கும் அரை நிமிடத்துக்குள் பல்லை நிறுத்திவிட வேண்டும், விட்டால் மறுபடி விளக்கைப் பற்றவைத்து உருக்க வேண்டும். பஸ் ஓட்டும் கணவர் காலை ஷிப்ட் முடித்து வந்து, சீருடைச் சட்டையோடு ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் போய்க் கதவைத் திறப்பதும், “ரிஜிஸ்டர் தபால், கையெழுத்து போடணும்” என்று தபால்காரர் சொல்வதும் அவளுக்குக் கேட்டன. பின்னறையில் இருந்தபடியே பேனா காகிதத்தில் ஓடும் சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது. கோரைப்பல் கோணலாக இறுகிவிட்டது.

“டாக்டரம்மா, உனக்கு ஏதோ வந்திருக்கு. வரி ஆபீஸ்ல இருந்து.”

அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். ஊரில் உள்ள பல் மருத்துவர்களில் ஆறேழு பேர் அவளிடம்தான் நோயாளியின் வாய் அச்சை அனுப்பிப் பல்செட் செய்து வாங்கினார்கள். வாயைத் திறந்து பார்க்கிறவர்களைவிட அவளுக்குத்தான் வாயைப் பற்றி அதிகம் தெரியும் என்பது அவர் கட்சி. ஒன்பது வருடம் ஒரு லேபில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடங்களுக்கு முன்னால் இந்தப் பின்னறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள்.

“அங்க வைங்க” என்றாள்.

“எங்க?”

அவள் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த காலி பிளாஸ்டர் பொடிச் சாக்கை இழுத்து வெளியே வைத்தாள். அவர் சாக்கின் வாயை விரித்துப் பார்த்தார். பிறகு கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் ஒரே பழுப்பு நிற உறை. எல்லாவற்றிலும் மாவுபோல் வெள்ளைப் பொடி. முதல் உறையின் ஓரம் மட்டும் கிழிந்திருந்தது, மற்றவை வந்தபடியே ஒட்டியிருந்தன. கையில் இருந்ததோடு சேர்த்துப் பதினொன்று.

“எவ்வளவு நாளா?”

“போன வருஷம் ஜூன்ல இருந்து.”

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏதாவது மறைச்சியா? நான் திட்ட மாட்டேன். சொல்லு.”

“ஒரு பைசா மறைக்கலங்க.”

“அப்புறம் ஏன்?”

இந்தப் பத்து மாதமாகத் தன்னிடமே கேட்டுக்கொண்ட கேள்வி அது. கடைக்காரர் சில்லறை கூடக் கொடுத்தால் தெருமுனை வரை போயிருந்தாலும் திரும்பி வந்து கொடுத்துவிடுவாள். ரசீதுகளை மாதவாரியாகக் கட்டி, டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். சின்ன வயதில் யாராவது அதிகாரி மிரட்டினாரா என்று யோசித்துப் பார்த்தாள், அப்படி எதுவும் நினைவில் இல்லை. முதல் கடிதம் வந்தபோது ஓரத்தைக் கிழித்து ஒரு வரி படித்தாள். ‘தங்கள் கணக்கில் முரண்பாடு காணப்படுவதால்’ என்றிருந்தது. முரண்பாடு. அது தன்னைப் பற்றி யாரோ எங்கோ உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்ட ஒன்றுபோல் இருந்தது. சாயங்காலம் படிக்கலாம் என்று மடித்து வைத்தாள். சாயங்காலம் நாளைக்கு என்றாயிற்று. இரண்டாவது கடிதம் வந்தபோது, முதலாவதைப் படிக்காததே ஒரு குற்றமாகச் சேர்ந்துகொண்டது. மூன்றாவதுக்கு இரண்டு குற்றம். பிறகு தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்தது. பகலெல்லாம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் பல் நடும் கை அது.

“எங்க டிப்போல ஒருத்தன் டீசல் திருடி வீடே கட்டிட்டான்” என்றார் கணவர். “அவன் படுத்ததும் குறட்டை விடுவான். நீ பைசா எடுக்கல, உனக்கு வேர்க்குது.”

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா பிரிச்சுடுவீங்க.”

அவர் உறைகளைத் தேதிப்படி அடுக்கி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். அவள் சமையலறைக்குப் போய், கழுவ எதுவும் இல்லாதபோதும் குழாயைத் திறந்துவிட்டாள். காகிதம் கிழிகிற சத்தம் தண்ணீருக்கு மேலேயும் கேட்டது. எண்ணினாள். பிரிக்காத பத்தும் முடிந்த பிறகும் அவர் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்று, கையை நீட்டிக் குழாயை மூடினார்.

“முதல் லெட்டர்ல அவங்க கேட்டது ஒரே ஒரு சான்றிதழ். நீ லேபை விட்டு நின்னல்ல, அந்த வருஷச் சம்பளத்த லேப்காரங்களும் காட்டியிருக்காங்க, நீயும் உன் தொழில் வருமானத்தோட சேர்த்துக் காட்டியிருக்க. அது ஒரே பணமா, வேற வேறயான்னு கேட்டிருக்காங்க. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அப்போ அவ்வளவுதான்.” அவர் கொஞ்சம் தயங்கினார். “பதில் போடாததால வேற வேற பணம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. அதுக்கு வரி. அதுக்கு மேல அபராதம். இன்னைக்கு வந்ததுல, பதினஞ்சு நாளைக்குள்ள நேர்ல வரலைன்னா பேங்க் அக்கவுன்ட்ட முடக்கிடுவோம்னு இருக்கு.”

மருத்துவர்கள் பணம் போடுவது அந்தக் கணக்கில்தான். பல்லும் பொடியும் வாங்குவதும், வார்ப்பு இயந்திரத்துக்கு மாதத் தவணை போவதும் அதிலிருந்துதான். அவள் ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்க போயிட்டு வாங்களேன்” என்றாள்.

“பேர் உன்னோடது. கையெழுத்தும் உன்னோடது. என்ன உள்ள விடமாட்டாங்க. வாசல் வரைக்கும் வரேன்.”

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வாசல் வரைக்கும் வந்தார். அகலமான படிகள், கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பு எழுத்தில் டோக்கன் நம்பர் ஓடுகிற பலகை. அவள் நான்காவது படி வரை ஏறினாள். கதவு திறந்து யாரோ வெளியே வந்தபோது உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. அவ்வளவுதான், கால் திரும்பிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் போய், காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, முதுகைத் தடவவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. “சரி, வீட்டுக்குப் போலாம்” என்றார். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அழுதாள். நாற்பத்தாறு வயதில் படியேறத் தெரியவில்லையே என்றிருந்தது.

அவருக்கு அதற்குமேல் லீவு இல்லை. வியாழக்கிழமை அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு அவள் தனியாகக் கிளம்பினாள். தைரியம் வந்துவிட்டதென்று இல்லை. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டால் வாந்தி வராது என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான். படிகளை எண்ணாமல் ஏறினாள். டோக்கன் எண்பத்திரண்டு. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது ஐம்பத்தாறு. ஒன்றரை மணிநேரம் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பயந்துகொண்டே இருந்ததில், ஒரு கட்டத்துக்குமேல் பயமும் மடக்கிய கால்போல மரத்துப்போயிற்று.

கவுண்டரில் இருந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவள் நீட்டிய கடிதக் கட்டைப் பார்த்து, “என்னம்மா இது, மூட்டையா கொண்டு வந்திருக்கீங்க” என்றார். உறைகளின் வெள்ளைப் பொடி அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. தட்டிவிட்டு, கணினியில் எதையோ தட்டி, வேகமாகப் பேச ஆரம்பித்தார். செலுத்த வேண்டிய தொகை, சமர்ப்பிக்காத சான்று, சட்டப்பிரிவு. அவளுக்கு ஒன்றும் உள்ளே போகவில்லை. காதில் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்போதுதான் அவர் சொல்கிற ஒவ்வொரு ‘ச’வுக்கும் பின்னால் மெல்லிய விசில் ஒன்று வருவதைக் கவனித்தாள். வாக்கியம் முடிந்ததும் நாக்கால் எதையோ மேலே தள்ளிக்கொண்டார். பல்செட்டின் மேல்தட்டு இறங்குகிறது. பல் கொஞ்சம் உயரம், கடைவாயில் முதலில் இடிக்கிறது, அதனால்தான் முன்னால் தூக்கிக்கொண்டு காற்று போகிறது. சாப்பிடும்போது வலது பக்கம் புண்ணாகியிருக்கும். பாவம், சூடாக எதுவும் குடிக்க முடியாது. இவ்வளவும் அவள் யோசிக்காமலே தலைக்குள் ஓடி முடிந்தது. யோசித்து முடித்தபோது இரைச்சல் நின்றிருந்தது. எதிரே ஒரு வாய் இருந்தது. வாயைச் சுற்றி ஒரு மனிதர் இருந்தார்.

“சார், கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா. எனக்குப் பயமா இருக்கு.”

அவர் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “என்னப் பாத்தா?”

“உங்கள இல்ல. இந்த லெட்டரப் பாத்து.”

“அத நான் எழுதறதில்லம்மா. மெஷின் எழுதுது. அதுக்கு வாங்க போங்கன்னு மரியாதையா எழுதத் தெரியும், பக்குவமா எழுதத் தெரியாது.” அவர் முதல் கடிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். “இதுல இருந்து ஆரம்பிக்கலாம். லேப்ல இருந்து நின்ன சான்று இருக்கா?”

இருந்தது. மூன்று நகல் இருந்தது. அவர் பார்த்தார், தட்டினார், சிரமமில்லாமல் நாலு நிமிடத்தில் அந்த இரட்டைச் சம்பளத்தை நீக்கினார். பத்து மாதமாக அவள் சோற்றிலும் தூக்கத்திலும் கலந்திருந்தது திரையில் ஒரு வரியாக இருந்து மறைந்துபோயிற்று. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

“அக்கவுன்ட்ட முடக்கமாட்டாங்க. அத நிறுத்திட்டேன். ஆனா பதில் போடாததுக்கு அபராதம் அப்படியே நிக்கும். அது என் கையில இல்ல. காரணம் எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். குறைச்சாலும் குறைப்பாங்க, தள்ளுனாலும் தள்ளுவாங்க, ஒன்னும் பண்ணாமலும் இருப்பாங்க.” ஒரு படிவத்தை நீட்டினார்.

படிவத்தை வாங்கிக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ‘பதிலளிக்கத் தவறியதற்கான காரணம்’ என்று போட்டு, கீழே கட்டங்கள் இருந்தன. நோய். வெளிநாட்டில் இருந்தமை. குடும்பத்தில் மரணம். தபால் கிடைக்காமை. மற்றவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கக்கத்தில் ஃபைல் இடுக்கிய ஆள் எட்டிப் பார்த்தார். “தபால் கிடைக்கலன்னு டிக் பண்ணுங்கக்கா. எல்லாரும் அதான் பண்றாங்க. இல்லன்னா நோய். டாக்டர் சீட்டு வெளியவே கிடைக்கும்.”

தபால் கிடைத்தது. கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் இந்தக் கையால்தான் வாங்கினாள். பொய் எழுதினால் இன்னொரு உறை வரும், அதையும் சாக்கில் போட வேண்டியிருக்கும். ‘மற்றவை’க்கு நேரே டிக் அடித்தாள். அடுத்திருந்த கோட்டில், வாய் அச்சோடு கட்டும் அட்டையில் மருத்துவர் பெயர் எழுதுகிற தெளிவான எழுத்தில், ‘பயந்துவிட்டேன்’ என்று எழுதினாள். அதற்குமேல் எழுத இடமிருந்தது. எழுத ஒன்றும் இருக்கவில்லை.

கவுண்டர்காரர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். “இதுக்கு ஆதாரம் இணைக்கணும்னு போட்டிருக்கே” என்றார்.

அவள் கடிதக் கட்டைக் காட்டினாள். “இதுல பத்து லெட்டர நான் பிரிக்கவே இல்ல சார். பிரிச்சது எங்க வீட்டுக்காரர்.”

அவர் சிரிக்கப்போய், தட்டு இறங்கிவிட, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். முத்திரையை எடுத்து, மையில் இரண்டு தரம் அழுத்தி, அந்த ஒற்றை வார்த்தைக்குக் கீழே குத்தினார். ஆறு வாரத்தில் முடிவு வரும் என்றார். பிறகு படிவத்தின் மேல்பகுதியில் தொழில் என்ற இடத்தைப் பார்த்து நின்றார்.

“பல்செட் செய்யறீங்களா?”

“ஆமா சார்.”

அவர் கை தானாக வாய்க்குப் போயிற்று. அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். சொல்லலாமா கூடாதா என்று ஒரு நொடி தோன்றியது. இங்கே நின்று எதைச் சொன்னாலும் தப்பாகப் படலாம். ஆனால் சொல்லாமல் போனால் வீடு வரைக்கும் அந்த விசில் காதிலேயே இருக்கும்.

“செஞ்ச டாக்டர்கிட்டயே போங்க சார். கடைவாய்ப் பல் உயரமா இருக்கு, அரை மில்லி தேய்ச்சா சரியாயிடும். அவங்களே இலவசமா பண்ணித் தரணும். நீங்க கேக்காம இருந்திருப்பீங்க.”

“ஒரு வருஷமா கேக்கல” என்றார் அவர், கையை எடுக்காமலே. அடுத்த நம்பர் பலகையில் ஓடியது.

வெளியே வந்ததும் பயங்கரமாகப் பசித்தது. எதிர்க்கடையில் ஒரு பன் வாங்கிக்கொண்டு வந்து, நான்காவது படியா ஐந்தாவதா என்று பார்க்காமல் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். கணவருக்குப் போன் செய்ய நினைத்தாள், இந்நேரம் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். ஆறு வாரத்தில் வரப்போகும் உறையை நினைத்தாள். இருந்தாலும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

கீழேயிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். சின்னவள், முப்பது இருக்கலாம். பிளாஸ்டிக் ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கண்ணாடிக் கதவு வரை போனாள். கதவு தானாகத் திறந்தது. அவள் உள்ளே போகவில்லை. கதவு மூடிக்கொண்டது. திரும்பிப் படியிறங்கி வந்தவள், இவள் சாப்பிடுவதைப் பார்த்து நின்றாள்.

“அக்கா, உள்ள எப்படி இருக்கு?”

“குளுரா இருக்கும்மா. ஏசி நேரா மூஞ்சில அடிக்குது” என்றாள் இவள். “கதவுக்குப் பக்கத்து பெஞ்ச்ல உக்காராத.”

அந்தப் பெண் தலையாட்டினாள். போகவும் இல்லை, ஏறவும் இல்லை. இவள் பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் கண்ணாடிக் கதவு யார் யாருக்கோ திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் பிடரியிலும் குளிர்ந்த காற்று பட்டுப் போயிற்று.