ஒரு மூடி ஜம்ஜம்

முழு பாட்டிலில் பேரத்தைத் தொடங்கிய ஜஸீலா, பதினொன்றரை மணிக்கு ஒரு மூடி அளவுக்கு இறங்கியிருந்தாள்.

"மூடியும் கூடாதும்மா" என்றார், ஐ.சி.யூ. வாசலில் நின்ற ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி. "வெளித் தண்ணி உள்ள போகக் கூடாது. ரூல்."

"சார், இது மக்காவுலேருந்து வந்த ஜம்ஜம் தண்ணி. அம்மா ஹஜ்ஜுக்குப் போனப்ப கொண்டாந்தாங்க. இதுக்குன்னே எடுத்து வச்சிருந்தது."

"லேப் ரிப்போர்ட் இருக்கா?"

திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில், அத்தாவின் பாத்திரக்கடையில் வளர்ந்தவள் ஜஸீலா. குடத்தைத் தட்டிப் பார்த்து, ஓசை சரியில்லை என்று விலையை அடிக்கும் மாமியார்களையே மடக்கி அனுப்பியவள். ஆனால் அவர்களுக்குக் குடம் வேண்டும். இந்த மனிதருக்கு எதுவுமே வேண்டாம். ஒன்றும் வேண்டாதவரிடம் எந்தப் பேரம் படியும்?

கண்ணாடிக்கு அப்பால் அத்தா அப்துல் ஜலீல் கிடந்தார். இன்று பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். நோயாளிக்கு ஒரு பாஸ்தான் என்பதால் அம்மா சஃபியா மட்டும் உள்ளே. அவர் காதருகே குனிந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். போகும்போது ஜம்ஜம் உதட்டில் பட வேண்டும். அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

"மூணு சொட்டு, சார்."

"சொட்டும் தண்ணிதானம்மா. வெளித் தண்ணியால இன்ஃபெக்‌ஷன் வந்துட்டா?"

"போறவருக்கு இனிமே என்ன சார் வரப்போவுது?"

"போறவங்களுக்கு மட்டும் விடலாம்னு ரூல்ல இல்லையே."

கிண்ணமும் பஞ்சுமாக உள்ளேயிருந்து வந்தாள் வார்டு ஊழியர் அம்சவல்லி. ஐம்பது வயதிருக்கும். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், பெரியவருக்கு வாய் நனைக்கணும். மணிக்கு ஒருக்கான்னு சார்ட்ல இருக்கு."

"இருந்தா செய்யணும். அதுல என்ன சந்தேகம்?"

"என்ன தண்ணின்னுதான் சார்."

அதிகாரி சார்ட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். "சுத்தமான தண்ணீர்னு போட்டிருக்கு."

"ஏம்மா, இது சுத்தமானதுதானே?" அம்சவல்லி ஜஸீலாவைக் கேட்டாள்.

"எங்களுக்குத் தெரிஞ்சு இதைவிடச் சுத்தம் கிடையாதுக்கா."

அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டார். தேடிய சாவி சட்டைப்பையிலேயே கிடைத்ததுபோல முகம் தெளிந்தது.

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

ஜஸீலா எழுதினாள். அம்சவல்லி கிண்ணத்தை நீட்டினாள். ஒரு மூடிதான் ஊற்ற வந்தாள் ஜஸீலா. "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா, கஞ்சத்தனம் பண்ணாத" என்றாள் அம்சவல்லி.

உள்ளே போய் அம்சவல்லியே நனைத்திருக்கலாம். நனைக்கவில்லை. பஞ்சைத் தோய்த்து அம்மாவின் விரல்களில் கொடுத்தாள். அம்மாவின் கை பாதியிலேயே நின்றது. அம்சவல்லி அந்த மணிக்கட்டைப் பிடித்து அத்தாவின் உதட்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு தரம். மறு தரம். மூன்றாவது தரம் அம்மா பஞ்சை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கிண்ணத்தில் போட்டுவிட்டு, மெதுவாக அவர் கண்களை மூடினாள்.

ஜஸீலா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

உள்ளே அடுத்த கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வரேன், இருங்க" என்பதுபோல அம்சவல்லி கையைக் காட்டினாள். பச்சைக் கோட்டுக்குள்ளிருந்து முந்தானையை இழுத்து, அம்மா போட்டிருந்ததைப் போலவே தலையில் போட்டுக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.