இல்லாத செடி

ஏற்காட்டுப் பள்ளியில் தாவரவியல் நடத்திய கிறிஸ்துதாஸுக்கு, முகம் தெரியாத ஒருத்தி மேல் அப்படியொரு பொறாமை.

1999-இல் ரஹமத்துல்லா கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் வாத்தியார் அங்கே போய், செடிகொடி பற்றிய இணைய விவாதக் குழுவில் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். எல்லாரும் அவரைத்தான் கேட்டார்கள், கதீஜா என்ற பெயர் குழுவுக்குள் வரும்வரை.

அவள் சேலத்துக்காரி என்பதைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. இருந்தும் சேர்வராயன் மலையில் பூப்பதைக்கூட இப்போது அவளிடம்தான் கேட்டார்கள். அவளுக்கு வந்த ஒவ்வொரு நன்றியும் வாத்தியார் வயிற்றில் நெருப்பள்ளிக் கொட்டியது.

"படிச்சவளோ என்னமோ, யாரு கண்டா? வேசத்தக் கலைச்சுடறேன் பாருங்க," என்றார் ரஹமத்துல்லாவிடம்.

உலகத்திலேயே இல்லாத ஒரு செடியைக் கற்பனை செய்து எழுதினார். காப்பித் தோட்ட நிழலில் கண்டேன், ஊதாப் பூ, தண்டைக் கிள்ளினால் சிவப்பாகப் பால் வடிகிறது, இது என்ன? பெயர் சொன்னால் அகப்பட்டுக்கொள்வாள்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், பெயர் சொல்லியிருந்தவர் கந்தசாமி. எப்போதும் வாத்தியார் பக்கம் பேசுகிற கோயமுத்தூர்க்காரர். லத்தீன் பெயரோடு அடித்துச் சொல்லியிருந்தார். கதீஜா எழுதியது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியவில்லை. எங்கே பார்த்தீர்கள்? பஸ் ஏறி வருகிறேன், காட்டுங்கள்."

பின்னால் நின்று படித்த ரஹமத்துல்லா, "ஏனுங்க சார், தெரியாதத தெரியாதுன்னே சொல்றாங்க. இவங்க பேச்ச நம்பலாமுங்க," என்றார்.

வாத்தியாருக்குக் காது சூடேறியது. தெரியாது என்றதற்கும் இவளுக்குப் பாராட்டா! செடியை ஆடு மேய்ந்துவிட்டது என்று எழுதத் தொடங்கினார். ஆனால் அவள் அப்போதும் வந்து மலையெல்லாம் தேடுவாள் என்று பட்டது. எழுதியதை அழித்துவிட்டு, "அப்படியொரு செடி இல்லை. உங்களைச் சோதிக்கப் புனைந்தேன்," என்று அனுப்பினார்.

அதன்பிறகு அவர் உண்மையைச் சொன்னாலும் குழுவில் சந்தேகப்பட்டார்கள். மிளகுக்கொடி வாடுவது பற்றி ஒருவர் கேட்டதற்கு அவர் சரியாகவே பதில் சொன்னார். கேட்டவரோ, "கதீஜா, இதை நம்பலாமா?" என்று எழுதினார்.

"நம்பலாம். அந்த மலையை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்," என்று வந்தது பதில்.

"பாத்தீங்களா சார், எத்தன நல்ல மனசு!" என்றார் ரஹமத்துல்லா.

"நொம்ப நல்ல மனசுங்க. அதத்தானுங்க என்னால தாங்க முடியல," என்று எழுந்தார் வாத்தியார்.